கடைசி மூன்று அவுட்: க்ளோசர் போய்விட்டால் பேஸ்பால் ரசிகர்கள் ஏன் இப்படித் துடிக்கிறார்கள்?

2025 டிசம்பர் 9-ஆம் தேதி, ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் பேஸ்பால் அணிகளின் வருடாந்திரக் குளிர்காலக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது அந்தச் செய்தி வெளியானது. நியூயார்க் மெட்ஸ் அணியின் க்ளோசர் எட்வின் டியாஸ் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியில் சேரப் போகிறார். மூன்று ஆண்டு ஒப்பந்தம், 6.9 கோடி டாலர். ஒரு ரிலீஃப் பிட்சருக்கு, அதாவது ஆட்டத்தின் நடுவே வந்து பந்து வீசுபவருக்கு, ஆண்டுக்கு 2.3 கோடி டாலர் என்பது அதுவரை யாருக்கும் கிடைக்காத சம்பளம். மெட்ஸ் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அணி உரிமையாளரில் தொடங்கி, வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகி வரை எல்லோருக்கும் வசவு விழுந்தது. சிலர் டியாஸையே துரோகி என்றார்கள். சிலர் ‘போனால் போகட்டும்’ என்றார்கள். அவர்களுக்கும் வசவு விழுந்தது.

பேஸ்பால் பார்க்காதவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். டியாஸ் ஒரு ஆட்டத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு இன்னிங்ஸ்தான் வீசுவார். அதுவும் எல்லா ஆட்டத்திலும் இல்லை. 2025 சீசன் முழுவதும் அவர் வீசியது 66 இன்னிங்ஸுக்குச் சற்று மேலே. ஒரு அணி ஒரு சீசனில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது, மொத்தம் 1,400 இன்னிங்ஸுக்கு மேல் வீசுகிறது. அதில் நூற்றுக்கு ஐந்துகூட இவர் பங்கு இல்லை. அப்படிப்பட்ட ஒருவர் போனதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

ஆர்ப்பாட்டம் நியாயமானது என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்ல, முதலில் க்ளோசர் என்பவர் யார் என்று பார்த்துவிடலாம்.

பேஸ்பாலில் இரண்டு அணிகளுக்கும் ஆளுக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒரு இன்னிங்ஸில் மூன்று பேரை அவுட் ஆக்கினால் எதிரணியின் முறை முடியும். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர் ஐந்து அல்லது ஆறு இன்னிங்ஸ் வரை வீசுவார். கை களைத்ததும் அவரை எடுத்துவிட்டு வேறு பிட்சரைக் கொண்டுவருவார்கள். ஒரு முறை வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. அடுத்தடுத்து வருவதற்காகக் காத்திருக்கும் பிட்சர்கள் மைதானத்தின் ஓரத்தில் தனி இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இடத்துக்குப் புல்பென் என்று பெயர். அங்கே இருப்பவர்களுக்குப் பொதுப்பெயர் ரிலீவர். அவர்களில் ஆகச் சிறந்தவராக நம்பப்படுபவரைக் கடைசி இன்னிங்ஸுக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். அவர்தான் க்ளோசர்.

நமக்குப் பழகிய கிரிக்கெட்டில் சொன்னால், கடைசி ஓவர்களைப் போடும் பந்துவீச்சாளர் மாதிரி. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கிரிக்கெட்டில் ஆறு பந்து போட்டால் ஓவர் முடிந்துவிடும். யாரும் அவுட் ஆகாவிட்டாலும் ஆட்டம் முடியும். பேஸ்பாலில் பந்துகளுக்குக் கணக்கில்லை. மூன்று அவுட் எடுத்தே ஆக வேண்டும். ஐந்து ரன் முன்னிலை இருந்தாலும், அந்த மூன்றாவது அவுட் விழாதவரை எதிரணி ரன் சேர்த்துக்கொண்டே போகலாம். நேரத்தைக் கடத்தித் தப்பிக்க வழியே இல்லை.

சரி, அவர் வேலையை எப்படி அளக்கிறார்கள்? ‘சேவ்’ என்று ஒரு கணக்கு இருக்கிறது. சிகாகோவின் விளையாட்டுப் பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் இதற்கு வடிவம் கொடுத்தார். 1969-இல் அது அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் ஆனது. பொதுவாக நடப்பது இதுதான்: தன் அணி மூன்று ரன்னோ அதற்குக் குறைவாகவோ முன்னிலையில் இருக்கும்போது உள்ளே வந்து, ஒரு முழு இன்னிங்ஸாவது வீசி, முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடித்துவைத்தால் ஒரு சேவ். ஐந்துக்கு இரண்டு என்று இருக்கும்போது வந்து மூன்று அவுட் எடுத்தால் கணக்கில் ஏறும். ஆறுக்கு இரண்டு என்றால் வழக்கமாக ஏறாது, ஏனென்றால் நான்கு ரன் முன்னிலையைக் காப்பது அத்தனை கடினமல்ல. காப்பாற்ற வேண்டிய முன்னிலையைப் பறிகொடுத்துவிட்டால் ‘ப்ளோன் சேவ்’ என்று பெயருக்கு எதிரே கறை விழும். விதியில் வேறு சில கிளைகளும் உண்டு. தொடக்கத்துக்கு இது போதும்.

ஒரே இன்னிங்ஸுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளும் பழக்கம் ரொம்பப் பழையதல்ல. 1980-களின் இறுதியில் ஓக்லண்ட் அணியின் மேலாளர் டோனி லா ரூசா, ஒரு காலத்தில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சராக இருந்த டென்னிஸ் எக்கர்ஸ்லியை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்கினார். 1992-இல் 51 சேவ்களுடன் எக்கர்ஸ்லி அமெரிக்கன் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதையும், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையும் ஒருசேர வாங்கினார். அப்புறம் எல்லா அணிகளும் அதே வழிக்கு வந்தன. இந்த வேலையின் உச்சம் யாங்கீஸின் மரியானோ ரிவேரா: 652 சேவ், இன்றுவரை அதுதான் சாதனை. பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு வாக்களித்த ஒருவர்கூட விடாமல் அத்தனை பேரும் தேர்ந்தெடுத்த ஒரே ஆட்டக்காரராக 2019-இல் அவர் உள்ளே போனார்.

இப்போது டியாஸின் கதைக்கு வரலாம். ரசிகர்களின் கோபம் முழுக்க அந்தக் கதைக்குள்ளேதான் இருக்கிறது.

போர்ட்டோ ரிக்கோக்காரர். 2018-இல் சியாட்டில் அணிக்காக 57 சேவ் எடுத்தார். 24 வயதுக்காரருக்கு அது அசாத்தியமான எண்ணிக்கை. அந்த டிசம்பரிலேயே மெட்ஸ் அவரையும் ராபின்சன் கனோவையும் வாங்கியது. விலையாகக் கொடுத்தவர்களில், இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் அந்த ஆண்டு ஆறாவதாகத் தேர்ந்தெடுத்திருந்த இளைஞர் ஜாரெட் கெலெனிக்கும் ஒருவர். ரசிகர்கள் அப்போதே முணுமுணுத்தார்கள். 2019 அதைவிட மோசமாகப் போனது. 58 இன்னிங்ஸில் டியாஸ் 15 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, பந்தை எல்லைச் சுவருக்கு மேலே அனுப்பும் அடி) கொடுத்தார். ஈ.ஆர்.ஏ. 5.59. ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்பதே ஈ.ஆர்.ஏ.; தடுப்பாட்டக்காரர்களின் பிழையால் வந்த ரன்கள் அதில் சேராது. நல்ல க்ளோசருக்கு அது மூன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். சொந்த மைதானமான சிட்டி ஃபீல்டில் அவர் வெளியே வரும்போதெல்லாம் கூட்டம் கூச்சலிட்டு அவமானப்படுத்தியது. நியூயார்க் ரசிகர்கள் இந்த விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்ப்பவர்கள் அல்ல.

அப்படி வெறுத்த கூட்டத்தை அவர் மெல்ல மெல்லத் தன் பக்கம் திருப்பினார். 2022 அதன் உச்சம். ஈ.ஆர்.ஏ. 1.31. வெறும் 62 இன்னிங்ஸில் 118 ஸ்ட்ரைக்அவுட். அதாவது ஒரு இன்னிங்ஸில் எடுக்க வேண்டிய மூன்று அவுட்டில் ஏறக்குறைய இரண்டை, பேட்டர் பந்தை ஆட்டத்துக்குள் அடிக்கவே விடாமல் எடுத்தார். மணிக்கு நூறு மைலைத் தொடும் நேர்ப்பந்து ஒன்று. அதே கைவீச்சில் வந்து கடைசி நொடியில் சரிந்து விலகும் ஸ்லைடர் ஒன்று. இரண்டே இரண்டு ஆயுதங்கள்தான். எது வரப்போகிறது என்று பேட்டருக்குத் தெரிந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த ஆண்டுதான் டிரம்பெட் இசை ஊர் முழுக்கப் பரவியது. க்ளோசர் உள்ளே ஓடிவரும்போது அவருக்கென்று ஒரு பாட்டைப் போடுவது வழக்கம். டியாஸுக்கு ‘நார்கோ’ என்ற நடன இசை. புல்பென் கதவு திறக்கும். அவர் புல்தரையைத் தாண்டி நடுவிலிருக்கும் மேட்டை நோக்கி மெதுவாக ஓடி வருவார். டிரம்பெட் ஒலி ஆரம்பிக்கும். நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்று கையால் டிரம்பெட் ஊதுவதுபோல் பாவனை செய்வார்கள். அந்த இசையில் டிரம்பெட் வாசித்த டிம்மி டிரம்பெட் என்ற ஆஸ்திரேலியக் கலைஞரை 2022 ஆகஸ்ட் இறுதியில் மெட்ஸ் மைதானத்துக்கே வரவழைத்தது. முதல் நாள் மெட்ஸ் தோற்றது, டியாஸ் வரவேண்டிய தேவை எழவில்லை, டிம்மியும் ‘நார்கோ’வை வாசிக்கவில்லை. மறுநாளும் வந்தார். ஆகஸ்ட் 31 அன்று ஒன்பதாவது இன்னிங்ஸில் மெட்ஸ் இரண்டுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்தது. புல்பென் கதவு திறந்ததும் அவர் நேரடியாக ஊத, டியாஸ் ஓடிவந்து மூன்று பேரையும் அவுட் ஆக்கினார். எதிரணி எது தெரியுமா? டாட்ஜர்ஸ்.

அந்தக் குளிர்காலத்தில் ஐந்து ஆண்டுக்கு 10.2 கோடி டாலர் கொடுத்து அணி அவரைத் தக்கவைத்துக்கொண்டது. பத்துக் கோடி டாலரைத் தாண்டிய முதல் ரிலீவர் ஒப்பந்தம் அதுதான். ஆனால் 2023 மார்ச்சில், சீசன் தொடங்குவதற்கு முன்பே, மயாமியில் நடந்த உலகப் பேஸ்பால் கிளாசிக் போட்டியில் டொமினிக்கன் குடியரசை வென்ற மகிழ்ச்சியில் போர்ட்டோ ரிக்கோ வீரர்கள் கட்டிப்பிடித்துக் குதித்தபோது அவருடைய முழங்கால் தசைநாண் அறுந்துபோனது. சக்கர நாற்காலியில் வெளியேறினார். ஒரு வருடம் முழுக்க ஒரு பந்துகூட வீசவில்லை. ரசிகர்கள் காத்திருந்தார்கள். 2024-இல் திரும்பி வந்து தடுமாறினார். 2025-இல் பழையபடி ஆனார்: 28 சேவ், ஈ.ஆர்.ஏ. 1.63.

இத்தனைக்கும் பிறகு எப்படிப் போக முடிந்தது? இங்கேதான் ஃப்ரீ ஏஜென்சி வருகிறது.

ஒரு காலத்தில் அமெரிக்க பேஸ்பால் வீரர் அணியின் சொத்து. ஒப்பந்தம் முடிந்தாலும் அணியே அதை நீட்டித்துக்கொள்ளலாம் என்ற விதி இருந்தது. வீரர் வேறு அணிக்குப் போக விரும்பினாலும் முடியாது. 1969-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி கர்ட் ஃப்ளட்டை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியபோது, என்னைக் கேட்காமல் விற்க நான் பண்டமல்ல என்று அவர் வழக்குப் போட்டார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அதோடு சேர்ந்து போனது. ஆனால் அவர் திறந்துவிட்ட வாதம் நிற்கவில்லை. 1975 டிசம்பரில் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இரண்டு பிட்சர்களின் வழக்கில், தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நடுவர் பீட்டர் சைட்ஸ், ஒப்பந்தம் முடிந்தவர் சுதந்திரமானவர் என்று தீர்ப்பளித்தார். இப்போதுள்ள விதிப்படி ஆறு ஆண்டு மேஜர் லீக் சேவை முடித்த வீரர், ஒப்பந்தம் தீர்ந்ததும் எந்த அணியோடும் பேசலாம். டியாஸ் பிரிந்ததை நினைத்து வருந்தும் ரசிகர்கூட இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தொழிலாளி தான் வேலை செய்யும் இடத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை அது. அதற்காக ஒருவர் தன் ஆட்டத்தையே விலையாகக் கொடுத்திருக்கிறார்.

டியாஸின் ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டு மீதி இருந்தது. ஆனால் விருப்பப்பட்டால் 2025-க்குப் பிறகு விலகிக்கொள்ளலாம் என்ற பிரிவும் அதிலேயே இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்றே அணிக்கு இது தெரியும். நல்ல சீசன் ஆடியவர், சந்தையில் அதிக விலை கிடைக்கும் என்று தெரிந்தவர், விலகிக்கொண்டார். அதில் தவறு காண எதுவும் இல்லை. ஒரு வருட ஒப்பந்தத்துக்கு மெட்ஸ் முறைப்படி அழைத்தது, அவர் மறுத்துவிட்டார். அப்படி மறுத்துப் போனவருக்கு ஈடாக, பழைய அணிக்கு அடுத்த டிராஃப்டில் ஒரு கூடுதல் வாய்ப்பு கிடைக்கும். அதுவும் சம்பள வரம்பை மீறிச் செலவழிக்கும் மெட்ஸ் போன்ற அணிக்கு நான்காவது சுற்றுக்குப் பிறகுதான். டியாஸுக்கு ஈடு அது என்று சொன்னால் எந்த ரசிகருக்கும் ஆறுதல் வராது.

ரசிகர்களின் கோபம் எங்கே போய் இடித்தது என்றால், தொகையில். வெளியான செய்திகளின்படி மெட்ஸ் கொடுக்க முன்வந்தது மூன்று ஆண்டுக்கு 6.6 கோடி. டாட்ஜர்ஸ் கொடுத்தது 6.9 கோடி. இடைவெளி முப்பது லட்சம் டாலர். அணியின் உரிமையாளர் ஸ்டீவ் கோஹன் பேஸ்பாலின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் ஹுவான் சோட்டோவுக்கு 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் எழுதிக்கொடுத்தவர். அவருக்கு முப்பது லட்சம் ஒரு பொருட்டா? ரசிகர்களில் ஒரு பகுதியினர் கேட்ட கேள்வி இது. என் பார்வையில் கேள்வி சரிதான், ஆனால் பதில் பணத்தில் மட்டும் இல்லை. டாட்ஜர்ஸ் 2024, 2025 என்று இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து, சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸ் தொடரை வென்ற அணி. மெட்ஸோ 2025 ஜூன் நடுவில் ஒட்டுமொத்த லீகிலேயே சிறந்த கணக்கோடு இருந்து, பிறகு சரிந்து சரிந்து, சீசனின் கடைசி நாளில் மயாமியிடம் தோற்று, பிளேஆஃப்புக்கே போகாத அணி. ஏறக்குறைய ஒரே பணம் என்றால் ஒருவர் எங்கே போவார்? இந்தப் பிரிவின் வலி இதில்தான் இருக்கிறது. பணத்துக்காகப் போனார் என்றால் திட்டிவிட்டு மறந்துவிடலாம். அந்த அணி இந்த அணியைவிட மேல் என்று நினைத்துப் போனார் என்றால் திட்டவும் முடியாது, ஏனென்றால் அது ரசிகருக்கும் தெரிந்த உண்மை.

அதோடு தனியாக வந்த அடியும் அல்ல அது. நவம்பரில், 2011-இல் மெட்ஸ் டிராஃப்ட் செய்து வளர்த்த பிராண்டன் நிம்மோவை டெக்சஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். டியாஸ் செய்தி வந்த மறுநாளே, மெட்ஸ் வரலாற்றில் அதிக ஹோம் ரன் அடித்த பீட் அலோன்சோ ஐந்து ஆண்டு, 15.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பால்டிமோர் போவது உறுதியானது. மூன்று வாரத்துக்குள் மூன்று பேர். ஒவ்வொன்றுக்கும் நிர்வாகி டேவிட் ஸ்டெர்ன்ஸிடம் தனித்தனியாக நியாயமான காரணம் இருந்திருக்கலாம். ஆனால் ரசிகர் காரணங்களைத் தனித்தனியாகக் கேட்பதில்லை. தான் சட்டை வாங்கி முதுகில் பெயர் அச்சடித்துக்கொண்ட மூவரும் ஒரே குளிர்காலத்தில் இல்லை என்பதையே பார்க்கிறார்.

எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்க வேண்டும், ஏனென்றால் அது லேசான வாதம் அல்ல. எட்டு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருக்கும் அணி, நூற்றுக்கு ஏறக்குறைய 95 முறை வென்றுவிடுகிறது. க்ளோசர் என்ற பதவியே இல்லாத பழைய காலத்திலும் இந்த விகிதம் பெரிதாக வேறுபட்டதில்லை. அப்படியானால் நட்சத்திர க்ளோசர் கூடுதலாகச் சேர்ப்பது என்ன? கொஞ்சம்தான். ரிலீவர்கள் ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக மாறுகிறவர்கள். டியாஸே 2018-க்கும் 2019-க்கும் இடையே எப்படித் தலைகீழானார் என்று பார்த்தோம். 31 வயதுக்காரருக்கு மூன்று ஆண்டு கொடுப்பது சூதாட்டம் என்று சொல்பவர்களைக் குறைகூற முடியாது.

வரலாறும் அவர்கள் பக்கம் சாட்சி சொல்லும். சான் டியாகோ பாட்ரெஸின் டிரெவர் ஹாஃப்மன் 1993 முதல் அங்கே ஆடியவர், அந்த நகரின் முகம் என்றே சொல்லலாம். 2008 சீசனுக்குப் பிறகு அணி அவரைத் தக்கவைக்கவில்லை, மில்வாக்கி போனார். ஊரே வருந்தியது. ஆனால் அவர் இடத்துக்கு வந்த ஹீத் பெல் 2009-இல் 42 சேவ் எடுத்து நேஷனல் லீகில் முதலிடம் பிடித்தார். மூன்று ஆண்டு கழித்து பெல்லும் பெரிய ஒப்பந்தத்தோடு மயாமி போனார், அங்கே சோபிக்கவில்லை.

பாஸ்டன் கதை இன்னும் தெளிவானது. ஜோனதன் பேப்பல்பான் 219 சேவ்களோடு ரெட் சாக்ஸின் சாதனைக்காரர். 2007 வேர்ல்ட் சீரிஸை முடித்துவைத்தவர். 2011 செப்டம்பர் 28 அன்று பால்டிமோரில் மூன்றுக்கு இரண்டு முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், பேஸில் (ரன் எடுக்க ஓடுபவர் நிற்கும் இடத்தில்) யாருமில்லை. ஒரே ஒரு அவுட் வேண்டும். தொடர்ந்து இரண்டு டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓட வைக்கும் அடி), ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை), ஆட்டம் போனது. சில நிமிடங்களில் வேறொரு மைதானத்தில், அதே பிளேஆஃப் இடத்துக்குப் போட்டியிட்ட டாம்பா பே வென்றது. பாஸ்டனின் சீசன் அங்கேயே முடிந்தது. நவம்பரில் அவர் ஃபிலடெல்ஃபியாவில் நான்கு ஆண்டு, ஐந்து கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். பாஸ்டன் அவர் இடத்துக்கு ஆண்ட்ரூ பெய்லியையும், பிறகு ஜோயல் ஹன்ரஹனையும் வாங்கியது. இருவரும் காயத்தில் விழுந்தார்கள். 2013 நடுவில் வேறு வழியில்லாமல் அந்தப் பொறுப்பு 38 வயது ஜப்பானியப் பிட்சர் கோஜி உயெஹராவிடம் போனது. அவரை எடுத்தது 42.5 லட்சம் டாலருக்கு. ஈ.ஆர்.ஏ. 1.09. அந்த அக்டோபரில் பாஸ்டன் வேர்ல்ட் சீரிஸ் வென்றபோது கடைசி அவுட்டை எடுத்தவர் அவர்தான். பேப்பல்பானுக்கு ஃபிலடெல்ஃபியா கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத பணம்.

சரி, அப்படியென்றால் க்ளோசரைத் தாராளமாக விட்டுவிடலாமா? அதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. 2022-இல் மில்வாக்கியின் வீரர் தேர்வுப் பொறுப்பில் இருந்தவர் இதே டேவிட் ஸ்டெர்ன்ஸ். ஆகஸ்ட் தொடக்கத்தில் அணி தன் பிரிவில் முதலிடத்தில் இருந்தபோதே, க்ளோசர் ஜாஷ் ஹேடரைச் சான் டியாகோவுக்கு மாற்றினார். அடுத்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால் புத்திசாலித்தனமான வியாபாரம். ஆனால் அணிக்குள் அது ஒரு விரிசலை உண்டாக்கியது. நாங்கள் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது இதை ஏன் செய்தீர்கள் என்று வீரர்களே கேட்டார்கள். அணி சரிந்தது, பிளேஆஃப்புக்குப் போகவில்லை. ஹேடர் ஒருவர் இருந்திருந்தால் போயிருக்கும் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் 95 சதவீதக் கணக்கில் வராத ஏதோ ஒன்று அந்த வீரர்களின் அறையில் உடைந்தது. மெட்ஸ் ரசிகர்களில் விவரம் தெரிந்தவர்கள் டிசம்பரில் இந்தப் பழைய கதையைத்தான் எடுத்துப் போட்டார்கள்.

சராசரிக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. எட்டு இன்னிங்ஸ் முடிவில் ஒரு ரன் முன்னிலையும் மூன்று ரன் முன்னிலையும் ஐந்து ரன் முன்னிலையும் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. க்ளோசரின் மதிப்பு ஒரு ரன் ஆட்டங்களில்தான் வெளிப்படும். இன்னொன்று, ரசிகர் ஒரு சீசனைச் சராசரியாக வாழ்வதில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்த ஆட்டத்தைக் கடைசிப் பத்து நிமிடத்தில் பறிகொடுப்பது, இரண்டாவது இன்னிங்ஸிலேயே ஐந்து ரன் கொடுத்துத் தோற்பதைவிடக் கொடுமையானது. கணக்கேட்டில் இரண்டும் ஒரே தோல்வி. இரவு தூக்கம் வராததில் இரண்டும் ஒன்றல்ல. டியாஸ் ஓடிவரும்போது மெட்ஸ் ரசிகருக்குக் கிடைத்தது அந்தப் பத்து நிமிடத்துக்கான நிம்மதி. அதை அவர்கள் இழந்தது உண்மை. எந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டியும் இல்லையென்று சொல்ல முடியாது.

டாட்ஜர்ஸ் ஏன் இவ்வளவு கொடுத்தது என்பதும் இதையே சொல்கிறது. முந்தைய குளிர்காலத்தில் அவர்கள் டேனர் ஸ்காட் என்ற ரிலீவருக்கு நான்கு ஆண்டு, 7.2 கோடி டாலர் கொடுத்தார்கள். 2025-இல் அவர் பத்துச் சேவ்களைக் கோட்டைவிட்டார். பிளேஆஃப்பில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரான ரோக்கி சசாக்கியைக் கடைசி இன்னிங்ஸுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. டொராண்டோவுக்கு எதிரான வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டத்தை, முந்தைய நாள்தான் ஆட்டத்தைத் தொடங்கி வீசிய யோஷினோபு யமமோட்டோ வந்து முடித்துக்கொடுத்தார். கோப்பை கிடைத்தது, ஆனால் அடுத்த ஆண்டும் அப்படிப் பிழைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

மெட்ஸ் கையில் இப்போது இருப்பவர் டெவின் வில்லியம்ஸ். டியாஸ் போவதற்குச் சில நாள் முன்பே மூன்று ஆண்டு, 5.1 கோடி டாலருக்கு எடுத்துவைத்திருந்தார்கள். ரசிகர்கள் இவரைப் பார்த்து முகம் சுளித்ததற்கு இரண்டு காரணங்கள். 2025-இல் பக்கத்து வீட்டு அணியான யாங்கீஸில் இருந்தபோது ஈ.ஆர்.ஏ. 4.79; க்ளோசர் பொறுப்பையே இழந்தார். இன்னொன்று 2024 அக்டோபர் 3. மில்வாக்கியில் பிளேஆஃப் முதல் சுற்றின் தீர்மான ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், மெட்ஸ் இரண்டு ரன் பின்னால். அப்போது மில்வாக்கியின் க்ளோசர் இதே வில்லியம்ஸ். இரண்டு பேர் பேஸில் இருக்க, அவர் வீசிய பந்தை அலோன்சோ வலது பக்கச் சுவருக்கு மேலே அனுப்பினார். மெட்ஸ் ரசிகர்களின் சமீபகாலப் பெரும் மகிழ்ச்சி அது. அந்த ஹோம் ரன்னை அடித்தவர் போய்விட்டார், கொடுத்தவர் வந்திருக்கிறார்.

இருந்தாலும் வில்லியம்ஸை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிட வேண்டாம் என்பேன். புதிதாகப் பேஸ்பால் பார்க்கத் தொடங்குபவர்கள் ஒரு க்ளோசரை எடைபோட, சேவ் எண்ணிக்கையையும் ஈ.ஆர்.ஏ.வையும் மட்டும் நம்பக் கூடாது. ஒரு ரிலீவர் வீசுவதே அறுபது இன்னிங்ஸ்தான். இரண்டு மோசமான இரவுகள் முழு வருடத்தின் ஈ.ஆர்.ஏ.வையும் கெடுத்துவிடும். எத்தனை பேரை ஸ்ட்ரைக்அவுட் ஆக்குகிறார், எத்தனை பேருக்கு இலவசமாக முதல் பேஸைக் கொடுக்கிறார், எத்தனை ஹோம் ரன் விடுகிறார் என்று பாருங்கள். இந்த மூன்றும் பெரும்பாலும் பிட்சரின் கையிலேயே இருப்பவை. 2025-இன் அந்த மோசமான வருடத்திலும் வில்லியம்ஸ் பேட்டர்களை ஸ்ட்ரைக்அவுட் ஆக்குவது பெரிதாகக் குறையவில்லை. ‘ஏர்பெண்டர்’ என்று பட்டப்பெயர் வாங்கிய அவருடைய சேஞ்சப் பந்து, நேர்ப்பந்துபோல் கிளம்பி, வேகம் குறைந்து, எதிர்பாராத பக்கம் வளைந்து விழும். ஏப்ரலில் இரண்டு சேவைக் கோட்டைவிட்டால் சிட்டி ஃபீல்ட் கூட்டம் 2019-இல் டியாஸுக்குச் செய்ததை இவருக்கும் செய்யும், அது நிச்சயம். அப்போது ஈ.ஆர்.ஏ.வை விட்டுவிட்டு, அந்தச் சேஞ்சப்புக்கு எதிரே பேட்டர்கள் மட்டையைச் சுழற்றி ஏமாறுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். ஏமாந்துகொண்டிருந்தால் ஜூலைக்குள் சரியாகிவிடுவார். தொட ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் மெட்ஸுக்கு வேறு ஆள் தேட வேண்டிய வேலை வரும்.